மலர்க்கொடி கண்ட பத்து விநாடிச் சுடர்

வேப்பந்தட்டையில் பருத்திக் காட்டுக்கும் சோளக் காட்டுக்கும் கூலிக்குப் போய்ப் பிழைத்த குடும்பத்தில், மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் ராசாங்கம். பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் உதவியாளர். அவர் மனைவி பாப்பாயி அதற்குப் பிறகும் களைவெட்டப் போவதை விடவில்லை. அவர்களுடைய ஒரே மகள் மலர்க்கொடி. திருச்சியில் இயற்பியல் எம்.எஸ்ஸி. முடித்து, 1981இல் பம்பாயில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தாள்.

முதல் விடுமுறையில் அவள் ஊருக்கு வந்தபோது ராசாங்கம் கேட்டார்:

"அங்க என்னாம்மா வேல?"

"நட்சத்திரத்துலேர்ந்து வர்ற எக்ஸ்ரேயப் பாக்குறதுப்பா."

"வானத்துலயும் எக்ஸ்ரே எடுக்குறாங்களா?"

"நாம எடுக்குறதில்லப்பா, அதுங்களே அனுப்புதுங்க. கீழ வர வுடாம காத்து தடுத்துடுது. அதான் டெலஸ்கோப்ப செயற்கைக்கோள்ல வெச்சு மேல அனுப்பியிருக்காங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் இந்தச் சேதி தெரிந்துவிட்டது.

அந்தச் செயற்கைக்கோள் வெளிநாட்டினுடையது. அது அனுப்பிய பதிவுகள் காந்த நாடாக்களில் பம்பாய்க்கு வரும். கணினி அவற்றை நீளநீளமான தாள்களில் கோடுகளாக அச்சடித்துத் தள்ளும். மலர்க்கொடி பார்த்துக்கொண்டிருந்த விண்மீன், மாதக்கணக்கில் ஒரே சீராகத்தான் இருந்தது.

1984இல் ஒரு முற்பகல். சீராக ஓடிக்கொண்டிருந்த கோடு சட்டென்று செங்குத்தாக ஏறி, பத்து விநாடிக்குள் சரிந்து இறங்கியிருந்தது. அவள் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டாள்.

இப்படிப்பட்ட வெடிப்புகளை வேறு சில விண்மீன்களில் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். இறுகிச் சுருங்கிப்போன விண்மீன் ஒன்று, பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்துத் தன்மேல் சேர்த்துக்கொண்டே போகும். சேர்ந்தது ஒருகட்டத்தில் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஆனால் இந்த விண்மீன் வெடித்து யாரும் கண்டதில்லை.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். செயற்கைக்கோள் கதிர்வீச்சு மிகுந்த பகுதியைக் கடக்கும்போது கருவி இப்படித் துள்ளுவதுண்டு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று மலர்க்கொடி எழுந்தாள்.

கோடு துள்ளிய நேரத்தில் செயற்கைக்கோள் அந்தப் பகுதிக்கு வெகு தொலைவில் இருந்திருக்கிறது. அதிலேயே வேறு திசையைப் பார்த்திருந்த இன்னொரு கருவியில் எந்தத் துள்ளலும் இல்லை. அதைவிட முக்கியமாக, வலுவான கதிர்கள் முதலில் அடங்கி, மெல்லியவை பிறகே அடங்கியிருந்தன. பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஆறுவதுபோல ஏதோ ஒன்று அங்கே ஆறியிருந்தது. இத்தனைக்கும் மேல் அவளுக்கு இன்னொரு சாட்சி வேண்டியிருந்தது. அடுத்தடுத்த நாடாக்களை ஓட்டினாள். மூன்றாவது நாடாவில், அதே விண்மீன், அதே ஏற்றம், அதே சரிவு.

இந்த முறை வழிகாட்டி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரை முதலில் போடச் சொன்னவரும் அவர்தான்.

மறு வருஷம் அவள் படித்த பெரம்பலூர்ப் பள்ளியில் அவளுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். தலைமையாசிரியை ஜெகதாம்பாள், ராசாங்கத்தையும் பாப்பாயியையும் மேடையில் உட்காரவைத்தார். மலர்க்கொடி கரும்பலகையில் அந்தக் கோட்டை வரைந்து விளக்கினாள். முடித்ததும், கடலை வியாபாரி சிங்காரவேலு எழுந்தார்.

"எல்லாம் சரிதாம்மா. இதனால நமக்கு என்னா பிரயோசனம்?"

மலர்க்கொடி யோசித்தாள். "இப்போதைக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லைங்க..."

அவள் முடிப்பதற்குள் பாப்பாயி எழுந்துவிட்டாள்.

"ஏங்க, கல்லங்குறிச்சித் தேருக்கு வருஷா வருஷம் ஓடுறீங்களே, என்னா வருமானம்னு ஓடுறீங்க? கண்ணால பாக்கணும்னுதான? என் மவ ஒருத்தரும் பாக்காத ஒண்ணப் பாத்துட்டு வந்து சொல்றா. கேட்டுக்குங்க!"

மாணவிகள் ஆரவாரம் செய்தார்கள். சிங்காரவேலு சிரித்துக்கொண்டே, "ஒத்துக்கிட்டேன் தாயி" என்று கைதட்டினார். ராசாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேப்பந்தட்டை பஸ்ஸில் மூவரும் ஊர் திரும்பினார்கள். வழியில் ஏறிய ஒவ்வொருவரிடமும் பாப்பாயி விண்மீன் வெடித்த கதையைத் தன் போக்கில் சொல்லிக்கொண்டு வந்தாள். அதில் பாதி தப்பு. பக்கத்தில் இருந்த மலர்க்கொடி, திருத்தாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.