கம்பளக் கடைக்கு மேலே ஒரு பல்கலைக்கழகம்

புருல் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தலைநகரான பிஷ்கெக்கில் ஓர் அரசுப் பள்ளியில் பதினேழு வருஷம் புவியியல் நடத்தியவர். உலகத்துக் கடல்களையெல்லாம் கரும்பலகையில் வரைந்திருக்கிறார், ஒரு கடலைக்கூட நேரில் பார்த்ததில்லை.

பிரிட்டனுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்புவது எங்கள் தொழில். நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஊர் என்று முடிவு செய்வது எஜேயின் வேலை. வந்த முதல் வாரமே தான் பாடம் நடத்திய பிரிட்டன் வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார்.

"எந்த யுனிவர்சிட்டி நல்லது எஜே?" என்று கேட்டபடிதான் எல்லோரும் உள்ளே வருவார்கள்.

"முதல்ல ஊரைப் பேசுவோம். வகுப்பு நாளைக்கு அஞ்சு மணி நேரம். மிச்சத்துக்கு ஊர்லதான இருக்கணும்? சமைக்கத் தெரியுமா? மத்தியானம் நாலு மணிக்கே இருட்டிட்டா அழுவியா? கூட்டம் இல்லன்னா உனக்கு மூச்சு முட்டுமா, கூட்டம் இருந்தா முட்டுமா?"

குளிர்காலத்தில் எங்கள் நகரத்தின் நிலக்கரிப் புகையால் இளைப்பு வந்தவனைக் கடற்கரை ஊருக்கு அனுப்புவார். வாய் ஓயாதவளைப் பெரிய ஊருக்கு அனுப்புவார். போனவர்கள் நன்றாக இருந்தார்கள். ஒரு வருஷம் வேலை அப்படித்தான் நடந்தது, நானும் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் இயக்குநர் பெயர் தாலாய். நாள் முழுக்கச் சூரியகாந்தி விதை கொறிப்பார். உமியைத் துப்ப அவருக்குக் கிண்ணம் கிடையாது. பல்கலைக்கழகங்கள் அனுப்பும் வழவழப்பான விளம்பரப் புத்தகம் எது கைக்கு அகப்படுகிறதோ அதை விரித்து அதில் துப்புவார். சிரிக்கும் மாணவர்களின் முகங்கள் மேல் எச்சில் ஈரத்தோடு உமி ஒட்டிக்கிடக்கும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் எங்களுக்கு ஒரு பட்டியல் தருவார், சில பெயர்களுக்கு நேரே நட்சத்திரம் இருக்கும். எது நல்ல படிப்பு என்பதற்கும் அந்த நட்சத்திரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு மாணவனை அனுப்பினால் எங்களுக்கு யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கு நட்சத்திரம். அந்த வருஷம் மூன்று நட்சத்திரம் வாங்கியது வடக்கு இங்கிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் லண்டன் கிளை. அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை.

அந்தப் பிப்ரவரியில்தான் ஷர்ஷென் தன் மகள் மீரிமோடு வந்தார். அத்-பாஷி என்ற மலையூரில் குதிரை மேய்க்கிற மனிதர். வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காயவைத்த தயிர் உருண்டைகள் நிறைந்த பையை எஜேயின் மேஜை மேல் வைத்தார். மகளுக்குப் பதினெட்டு வயது. அவளே பேசினாள்.

"எங்க கோடை மேய்ச்சலுக்கு மேல ஒரு பனியாறு இருக்கு டீச்சர். நாலு வருஷமா ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் பனி எங்க முடியுதோ அங்க ஒரு கல் வச்சு, தேதி எழுதிட்டு வரேன். இப்ப மொத கல்லுக்கும் கடைசிக் கல்லுக்கும் நடுவுல அப்பாவோட மந்தையையே நிறுத்தலாம். அது ஏன்னு படிக்கணும்."

எஜே எழுந்து வரைபடத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். "அபெரிஸ்ட்வித். வேல்ஸ்ல இருக்கு. ஒரு பக்கம் கடல், மூணு பக்கம் ஆடு. பனியாறு படிக்க வேற இடமே தேட வேண்டாம்."

"ஆடு எங்க ஊர்லயே இருக்கே டீச்சர்."

"அதான் சொல்றேன். ஊர் ஏக்கம் பாதிதான் வரும் உனக்கு."

ஷர்ஷென் அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்து, மூன்று தடவையும் தடுமாறி, சிரித்தார். அவர்கள் போனதும் தாலாய் எஜேயைக் கூப்பிட்டார். கதவு திறந்தேதான் இருந்தது.

"வாய்ல நுழையாத ஊருக்கு அனுப்புறீங்களே புருல். அவங்களோட நமக்கு ஒப்பந்தம்கூடக் கிடையாது."

"அந்தப் பொண்ணுக்கு அதுதான் பைக்கே சரி." தாலாய் எஜேயைவிட மூத்தவர், அதனால் அவர் எங்கள் எல்லோருக்கும் பைக்கே, பெரியண்ணன்.

"லண்டன் கிளைக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும். நிரப்பிட்டோம்னா நவம்பர்ல நம்மளக் கூட்டிட்டுப் போயி ஒரு வாரம் சுத்திக் காட்டுறாங்க. உங்க பேரையும் போடுறேன்." ஓர் உமியைத் துப்பினார். "கடல் பாத்ததில்லன்னு சொன்னீங்கல்ல?"

எஜே திரும்பி வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அப்பாவும் மகளும் வந்தபோது, வரைபடத்தைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"லண்டன்ல சுற்றுச்சூழல் மேலாண்மைன்னு ஒண்ணு இருக்கு. பெரிய ஊரு, வசதி அதிகம். அதையே எடுத்துக்கலாம்."

"பனியாறு அதுல வருமா டீச்சர்?"

"வரும்."

நான் அப்போது மீரிமின் சான்றிதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும், அந்த லண்டன் பாடத்திட்டத்தை எங்கள் மொழியில் மொழிபெயர்த்தவனே நான்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் ஷர்ஷென். வசந்தத்தில் பதினோரு பெண் குதிரைகளை விற்றார். செப்டம்பரில் மீரிம் போனாள்.

நவம்பரில் எஜேயும் போனார். நடந்ததை எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். வடக்கு ஊரில் செங்கல் கட்டடங்களையும் வாத்துகள் நீந்தும் குளத்தையும் காட்டினார்களாம். விருந்தில் எங்கள் நாட்டை ஒருவர் பாராட்டிப் பேசினார், அவருக்கு எங்கள் நாட்டின் பெயரே சரியாக வரவில்லை. ஒரு மத்தியானம் எல்லோரையும் பேருந்தில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப்போனார்கள்.

"எப்படி இருந்துச்சு எஜே?" என்று கேட்டேன்.

"சாம்பல் கலர்ல தண்ணி. பக்கத்துல தாலாய் பல்லுக் குத்திக்கிட்டு நின்னாரு. அஞ்சு நிமிஷத்துல பஸ்ல போயி உக்காந்துட்டேன்."

லண்டன் கிளையை யாரும் காட்டவில்லை. கடைசி நாள் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக ரயிலேறி மீரிமைப் பார்க்கப் போனார். முகவரி ஒரு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கம்பளக் கடையில் போய் முடிந்தது. கடைக்குப் பக்கவாட்டில் ஒடுங்கிய படிக்கட்டு. மேலே இரண்டு மாடிதான் பல்கலைக்கழகம். கீழிருந்து பசை நாற்றம் படியேறி வந்துகொண்டிருந்தது. ஜன்னலில்லாத அறையில் அறுபது பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் திரையில் இருந்ததை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தார். ஓட்டலில் குப்பையை எப்படித் தரம் பிரிப்பது என்பது அன்றைய பாடம்.

மீரிம் வெளியே வந்தாள், மெலிந்திருந்தாள். எஜேயைப் பார்த்ததும் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"வாங்க டீச்சர், பனியாறு காட்டுறேன்."

மாணவர்களின் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குளிர்பெட்டியின் மேல்கதவைத் திறந்தாள். பல வருஷம் துடைக்காமல் உள்ளே பனி கட்டி கட்டியாக இறுகியிருந்தது. யாரோ மறந்துபோன மீன் பொட்டலம் ஒன்று அதற்குள் உறைந்து கிடந்தது.

"இது ஒண்ணுதான் இங்க இருக்கு. இதுக்கும் தேதி எழுதிட்டு வரேன்" என்றாள். பிறகு கதவை மூடினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"கடை தெரியாது" என்றார் எஜே. "பனியாறு இல்லன்னு தெரியும்."

மீரிம் அழவில்லை, திட்டவும் இல்லை. வகுப்புக்கு நேரமாகிறது என்று படியேறிப் போய்விட்டாள்.

ஊர் திரும்பிய வாரமே எஜே பகிர்வு டாக்சியில் மலைக்கணவாய் தாண்டி அத்-பாஷிக்குப் போனார். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. ஷர்ஷென் வீட்டில் மேஜை விரித்து ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும் வைத்தார்கள். எஜே எதையும் தொடாமல், நடந்ததை நடந்தபடியே சொன்னார், கடல் ஆசையையும் மறைக்கவில்லை.

ஷர்ஷென் ரொட்டித் தட்டை எஜேயின் பக்கம் நகர்த்தினார்.

"பிட்டுக்கங்க. வந்தவங்க ரொட்டி தொடாமப் போகக் கூடாது."

அதுவரை டீச்சர் என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், அன்று எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. எஜே ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். தாலாயின் உமியைப் பார்த்து வந்த அருவருப்பு போதாதென்று இப்போது கண்ணாடி பார்க்கவும் முடியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அபெரிஸ்ட்வித்துக்கு மீரிமுக்காகக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். மீரிமின் கற்கள், தேதிகள் எல்லாவற்றையும் அவளிடமிருந்து கேட்டு வாங்கி இணைத்து அனுப்பினார். மார்ச்சில் பதில் வந்தது, இடம் உண்டு, முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று.

அதே மார்ச்சில் எங்கள் நிறுவனம் ஒரு ஓட்டல் கூடத்தில் கல்விக் கண்காட்சி நடத்தியது. லண்டன் கிளையின் மேஜை எஜேக்கு. வந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் அவர் உள்ளதைச் சொன்னார்.

"இது கம்பளக் கடைக்கு மேல ரெண்டு மாடி. நான் நேர்ல போயிப் பாத்தேன். பிள்ளைய அனுப்பாதீங்க."

கூட்டம் கலைந்து ஓடும் என்று நினைத்தேன். மென்மயிர்க் கோட்டு போட்ட ஒரு அம்மாள் குனிந்து கேட்டார். "லண்டன்தான? லண்டனுக்கு வெளியில இல்லையே?"

"லண்டன்தான். ஆனா படிப்பு ஒண்ணும் கிடையாதும்மா."

"அது இருக்கட்டும். கல்யாண விருந்துல மாப்பிள்ளை எங்க படிச்சாருன்னு கேட்டா லண்டன்னு சொல்லலாம்ல? எத்தனாவது மாடின்னா கேக்கப்போறாங்க?"

அடுத்து சுங்கத்துறைக்காரர் ஒருவர். "என் மகன் படிக்கப் போறதா உங்ககிட்ட யாரு சொன்னா? கார ஓட்டி ரெண்டு பேரோட கால ஒடச்சிருக்கான். மூணு வருஷம் இந்த ஊர்ல இல்லாம இருந்தாப் போதும். விண்ணப்பத்தக் குடுங்க."

பதினான்கு குடும்பங்களில் ஒன்பது அங்கேயே பதிவு செய்தன. வாசனைத் திரவியமும் வறுத்த இறைச்சியும் கலந்து கூடம் முழுக்க ஒரு நெடி. தாலாய் கோபமாக வருவார் என்று நான் பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"புருல், அருமை. எதையும் ஒளிக்காத நிறுவனம்னு ஜனங்க பேசிக்கிறாங்க. அடுத்த வருஷமும் நீங்க இதே மாதிரியே சொல்லுங்க."

எஜே எழுந்து கழிவறைக்குப் போனார். கூடவே போன எங்கள் வரவேற்பாளப் பெண் அவர் வாந்தியெடுத்ததாகச் சொன்னாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி தாலாயின் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு நடந்தார்.

பழைய பள்ளியில் அவருக்குப் புவியியல் கிடைக்கவில்லை. மாலையில் வீட்டுப்பாடம் செய்யும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். மீரிம் அபெரிஸ்ட்வித்தில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். கோடையில் ஐஸ்லாந்தில் ஒரு பனியாற்றின் மேல் நின்ற படம் எனக்கு அனுப்பினாள். எஜேக்கு அவள் எழுதுவதில்லை. எஜேயும் எதிர்பார்ப்பதில்லை.

போன மாதம் எஜேயின் தங்கை ஆசெல் தன் மகனோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். லண்டன் கிளைக்குத்தான்.

"உங்க அக்கா எதுவும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னா, சொன்னா. அழுதுகூடச் சொன்னா. அவளுக்கு நம்ம பையன் நல்லா வந்துடுவானோன்னு பொறாமை." கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து என் மேஜையில் பரப்பினாள். "சீக்கிரம் முடிச்சுக் குடு தம்பி, அவ வந்து கெடுக்கிறதுக்குள்ள."

பையனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை. மூன்றையும் ஒரே மத்தியானத்தில் மொழிபெயர்த்து முத்திரை போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்கு வந்தேன்.