ஒரு கையில் மட்டும் மயில்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்குப் பாதி வாழ்நாள் திரையில் ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்தே கழிகிறது; அந்த வட்டமும் நடுவில் நின்றுவிட்டால் என்ன பாடு என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் எந்த வகுப்பிலும் படித்தவனல்ல. என் மனைவி இருந்த நாளில், அவள் சமையல் மேசையில் இடம்பிடித்து, பழைய கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டேன். பினாங்கு ஜார்ஜ்டவுனில் செல்வியின் தையல் கடையில் செய்த வேலையை இன்றும் பெருமையோடு நினைத்துக்கொள்வேன்.

மணப்பெண் வந்தாள்

செல்வி கல்யாண ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து கொடுப்பவள். கம்ப்யூட்டர் அனுப்புகிற படத்தைத்தான் அவளுடைய பழைய பூவேலை மெஷின் தைக்கும். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு வாரமாக அடிக்கடி ஹேங் ஆகிறது, சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுங்கள் என்று கூப்பிட்டாள். முதலில் அவள் படங்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். யாரும் கேட்காமலே இதைச் செய்வது என் வழக்கம். பிறகு சிஸ்டத்தைப் போட்டேன். பாதியில் நின்றது. மறுபடி போட்டேன், கால்வாசியிலேயே நின்றது. சிஸ்டத்தை வைத்திருந்த பென்டிரைவை மாற்றினேன், அதற்கும் முன்னாலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து மணப்பெண் வந்தாள். மறுநாள் காலை கல்யாணம். பாதியில் கிடந்த தன் ரவிக்கையை எடுத்து விரித்தாள். வலது கையில் ஜரிகை மயில். இடது கை வெறும் பட்டு.

"என்னக்கா இது? ஒரு பக்கமா திரும்பி நின்னே தாலி கட்டிக்கவா?"

எதிர்க்கடை ரொட்டி சானாய்

செல்வியின் கணவர் மணியம் பொறுமையில்லாதவர். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்றார். அவர்கள் மெஷினின் பழைய கேபிளைச் சொருக இப்போது வரும் கம்ப்யூட்டரில் இடமே கிடையாது என்றேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எதிர்க்கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்து போட்டால், பாதியைத் தாண்டி ஓடிவிட்டுப் பிறகு நின்றது. உடனே மறுபடி போட்டேன், ஆரம்பத்திலேயே படுத்துவிட்டது. எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது, ஓடினால் நிற்கிறது. கோளாறு சிஸ்டத்தில் இல்லை, உள்ளே சூடு ஏறுகிறது என்றேன்.

"நமக்கும் அப்படித்தானே அண்ணே, சாப்பிட்டா கொஞ்ச நேரம் ஓடும்லா" என்றார் மணியம்.

காற்றாடிக்குப் பொட்டு

பக்கத்து மூடியைக் கழற்றினேன். சூட்டைத் தணிக்கும் சின்னக் காற்றாடி சுற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அதன் நட்டநடுவில் ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்குச் சந்தனம், மேலே குங்குமம். காய்ந்து உதிர்ந்து அச்சுக்குள் இறங்கியிருந்தது. போன வாரம்தான் ஆயுத பூஜை. மணியத்தைப் பார்த்தேன்.

"வெளியில வச்சா டப்பாவுக்குத்தானே அண்ணே போகும்? வேலை செய்யிறது உள்ளதானே இருக்கு" என்றார். செல்வி குறுக்கே புகுந்தாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வச்சதில்ல. இதுக்கு ஸ்க்ரூ கழட்டிப் பொட்டு வச்சிருக்காரு பாருங்க!"

இடது கை

காற்றாடியைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். செல்வியின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு அச்சில் விட்டேன். விரலால் தட்டியதும் சரசரவென்று சுற்றியது. மறுபடி சிஸ்டத்தைப் போட்டேன். கால்வாசி போனது. பாதி போனது. மணப்பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். முழுவதும் ஏறி முடிந்தது.

செல்வியின் படங்களைத் திரும்பப் போட்டுக் கேபிளைச் சொருகினேன். ஊசி இறங்கியது. பட்டில் முதலில் கொண்டை வந்தது, பிறகு கழுத்து, பிறகு கண்கண்ணாகத் தோகை. கடைசி நூலை வெட்டியதும் மணப்பெண் ரவிக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நாளைக்கு நீங்களும் வரணும். மாப்பிள்ளைக்கு அடுத்து உங்களைத்தான் நம்பியிருந்தேன்!"

பக்தியைத் துடைத்தெடுத்து ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தவன் இந்தப் பினாங்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.