தலைப்பாகையோடு வேலைக்கு வந்தவள்

செய்தி வந்தபோது நான் திண்டிவனத்தில், எங்கள் கடலைமிட்டாய் ஆலையின் பேக்கிங் பகுதியில் மிட்டாயில் இரும்புத் துணுக்கு இருந்தால் காட்டும் மெட்டல் டிடெக்டரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாசல் காவலுக்கு இருக்கும் பெரியவர்தான் கண்ணாடிக் கதவைத் தட்டினார். "தம்பி, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துக்கினே இருக்குது. போட்டது போட்டபடி இருக்கட்டும், ஜல்தி வாங்க." நான் சோதனைக்கான இரும்புத் துண்டை இன்னொரு முறை பெல்ட்டில் விட்டு, மெஷின் அதைச் சரியாகத் தள்ளுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மனைவி தேன்மொழி உயிரோடு இல்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது, பயமில்லை என்று காலையில் அவளே சொல்லித்தான் என்னை வேலைக்கு அனுப்பியிருந்தாள்.

அவளைப் பற்றி எழுதித் தரும்படி பேக்கிங் பெண்கள் கேட்டார்கள். எனக்கு சர்க்யூட் வரையத் தெரியும், இது தெரியாது. நடந்ததை மட்டும் வைக்கிறேன்.

அவள் அப்பா லாரி ஓட்டியவர். பெருமுக்கல் பக்கம் காலனி. லூதியானாவுக்கு லோடு ஏற்றிப் போன இடத்தில், பசியோடு ஒரு சீக்கியர் கோயிலுக்குள், குருத்வாராவுக்குள் நுழைந்து எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அதை என்னிடம் ஒரே விதமாகத்தான் சொல்வார்: "பக்கத்துல ஒருத்தன் வந்து குந்துனான் மாப்ள. எந்த ஊருன்னு கேட்டான். எந்தத் தெருன்னு கேக்கல." சில வருடம் கழித்து அவர் சீக்கியரானார். கல்லூரி முடித்த கையோடு அவளும் தீட்சை வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்காகவா என்று ஒருமுறை கேட்டேன். "அப்பா தலப்பா கட்டினாரு, பாத்தேன். நானும் கட்டிப் பாத்தேன். அவுக்கத் தோணல. அவ்ளோதான்" என்றாள். நான் இன்றுவரை எந்த தீட்சையும் வாங்கவில்லை. அவள் ஒருநாளும் கேட்கவும் இல்லை.

அவள் ஆலையில் சேர்ந்த அன்று ஹெச்.ஆர். விதியைச் சொன்னார். கம்மல், மூக்குத்தி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். கல்யாணமான பெண்கள் தாலியை மட்டும் கோட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். அவளிடம் கழற்ற முடியாதவை மூன்று இருந்தன: தலைப்பாகை, இரும்புக் காப்பு, துணியில் தைத்து உடம்போடு மாட்டியிருந்த விரல் நீளக் கிர்பான் என்ற சிறு கத்தி.

"சார், எனக்குக் கல்யாணம் ஆனாலும் தாலி இருக்காது. தாலி போற வழியில இது போவட்டும்" என்று கிர்பானைச் சொன்னாள்.

"ஏம்மா, அது தாலி. இது கத்தி."

"மிட்டாய நான் கத்தியிலயா சார் வெட்டப்போறேன்? மெஷின்தான வெட்டுது?"

அவர் சிரித்துவிட்டார். காப்புக்கு முழங்கை வரை கையுறை போட்டு டேப் சுற்றச் சொன்னார். பெல்ட் அருகே நின்றால் டிடெக்டர் அலறுமா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார். அவளைப் பல இடங்களில் நிற்கவைத்துப் பார்த்தேன். கையை உள்ளே விட்டால் ஒழிய அலறவில்லை. "பாஸா?" என்றாள். "பாஸ்" என்றேன். எங்கள் பழக்கம் அங்கே தொடங்கியது.

தலைப்பாகையின் மேல் எல்லோரையும் போல வலைத்தொப்பியும் போட்டுக்கொள்வாள். மல்லிகா அக்காவுக்கு அதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. "இன்னாடி தேனு, பஞ்சாப்புல பனி பெய்யுதா?" "எனக்கு எப்பிடிக்கா தெரியும், நான் பெருமுக்கல் தாண்டி எங்க போனேன்?" என்பாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவள் வேறு மாதிரி. ஊர்ப் பெண்கள் ஒரு பக்கமும் காலனிப் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்காருவது அங்கே பழக்கம். யாரும் சொல்லி வந்ததில்லை. அவள் தன் டிபன் பாக்ஸை இரண்டுக்கும் நடுவே தரையில் வைத்து, "நகந்து குந்துங்க, ஒரே வரிசையா வரட்டும். சோறு எறங்காதா பாக்கலாம்" என்றாள். மல்லிகா அக்காதான் முதலில் நகர்ந்தவர், முணுமுணுத்துக்கொண்டே.

பிறகு ஒரு புகார் வந்தது. சென்னையில் யாரோ வாங்கிய பாக்கெட்டில் நீளமான முடி. மானேஜர் அதைப் பாலிதீன் உறையில் போட்டு எல்லோருக்கும் காட்டினார். எல்லோர் பார்வையும் முடி வெட்டாதவள் மீது போனது. ஆனால் அந்த முடி பாதி வெள்ளை, பாதி மருதாணிச் சிவப்பு. பேக்கிங்கில் மருதாணி போடுகிறவர் ஒருவர்தான். இது எல்லோருக்கும் தெரியும், மானேஜருக்குத் தவிர.

"என்னுது இல்ல சார்" என்றாள் தேன்மொழி.

"அப்ப யாருது? தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

தெரியாது என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் கோபம் தலைப்பாகை மேல் திரும்பியது. அதை எடுத்துவிட்டு வந்தால் பேக்கிங், இல்லாவிட்டால் விழுப்புரம் கோடவுன் என்றார். மறுநாள் அவள் விழுப்புரம் பஸ் ஏறினாள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படி என்று கேட்டேன். "பொய்யும் சொல்லக் கூடாது, அந்தக்காவக் காட்டியும் குடுக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல விழுப்புரம்தான் இருக்குது, இன்னா பண்றது?" என்று சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, அவளுக்கு அது ஆறவில்லை. தலைப்பாகையோடு திரும்ப அந்த பெல்ட்டில் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. மாதாமாதம் திண்டிவனம் ஆலைக்கு வந்து மானேஜரைப் பார்ப்பாள். "பாக்கலாம்மா" என்பார். "எப்ப சார்?" என்பாள். கோடவுனில் மூட்டை எண்ணிக்கொண்டே இருந்தவளுக்குக் காய்ச்சல் வந்தது.

அவள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் அம்மாவும் அத்தைகளும் அவள் கூந்தலை விரித்துவிட்டு, மஞ்சள் பூசிப் பூ வைக்க வேண்டும் என்று நின்றார்கள். "சுமங்கலியாப் போயிருக்கா கண்ணு, பூவும் பொட்டும் இல்லாம மொட்டையா அனுப்ப முடியுமா?" என்று அம்மா அழுதாள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது, அவளுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். என் மாமனார், "அவ எப்பிடி இருந்தாளோ அப்பிடியே போவட்டும்மா" என்றார். ஆனால் இரண்டு முறை கட்டிப் பார்த்தும் தலைப்பாகை அவர் கையில் நிற்காமல் அவிழ்ந்துபோனது. அப்போது ஆலையிலிருந்து வந்த பெண்களை விலக்கிக்கொண்டு மல்லிகா அக்கா முன்னே வந்தார். உடை மாற்றும் அறையில் தினம் பார்த்தது, எனக்குத் தெரியும் என்றார். ஈரக் கூந்தலைச் சீவி, முடிந்து, மடிப்பு மடிப்பாகக் கட்டினார். கட்டி முடித்ததும் இடுப்புப் பையிலிருந்து வலைத்தொப்பியை எடுத்து அதன் மேல் மாட்டிவிட்டார். அவர் பார்த்ததெல்லாம் அப்படித்தானே. மாட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. "ஐயோ, அந்த பாக்கெட்ல கெடந்தது என் முடிடி, அதுக்கு உன்னப் போயி கோடவுன்ல போட்டாங்க" என்று அவள் கால்மாட்டில் விழுந்தார். மாமனார் குனிந்து தொப்பியை மட்டும் மெதுவாகக் கழற்றினார்.

அந்த முடி தன்னுடையது என்று மல்லிகா அக்கா அடுத்த வாரம் தானாகவே போய் மானேஜரிடம் சொன்னார். அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. நான் வேலைக்குத் திரும்பியபோது மானேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"எனக்கு அப்பத் தெரியாதுப்பா. அந்தப் பொண்ணு இருந்திருந்தா திரும்ப பேக்கிங்லயே போட்டிருப்பேன்."

"தலைப்பாகையோடயா சார்?"

அவர் மேசையைப் பார்த்தார். "இப்ப எதுக்குப்பா அது" என்றார்.

அவளுடைய பொருள்கள் மாமனாரிடம் இருக்கின்றன. அவள் நம்பியதை நம்ப எனக்கு வரவில்லை. ஆனால் பதில் வராமல் எழுந்து போகாத அவளுடைய அந்தப் பிடிவாதம் எப்படியோ என்னிடம் தங்கிவிட்டது. போன மாதமும் மானேஜரிடம் போய், தலைப்பாகையோடு வருகிறவர்களை பேக்கிங்கில் நிற்க விடும்படி விதியை மாற்றச் சொல்லிக் கேட்டேன். பாக்கலாம் என்றார். எப்ப சார் என்று கேட்டுவிட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.