சினை என்று விட்ட மீன்கள்

தை மாதத்துக் காலை ஒன்றில் கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினேன். முப்பது மைல் தூரம். சென்னையில் விலங்கியல் கற்பிக்கும் எனக்கு மீன் வயிற்றுப் புழுக்கள் தேவைப்பட்டன. இதை நான் சொன்னதும் பக்கத்தில் இருந்த தோல் வியாபாரி சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். டிரைவர் மாட்டு வண்டிக்காரர்களைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாரபட்சமின்றித் திட்டிக்கொண்டு வந்தார். சூளகிரியில் அரையணாவுக்கு டீ குடித்தேன். அந்த வெந்நீருக்கு அது அதிகம். சானமாவுக் காட்டுக்கு முன்னால் இறங்கியபோது, யானை வரும், இருட்டுமுன் ரோட்டுக்குத் திரும்பிவிடுங்கள் என்றார் கண்டக்டர்.

ஏரி ஒரு மைல் உள்ளே இருந்தது. மீன் குத்தகை எடுத்திருந்த முனிரத்தினமும் மனைவி சென்னம்மாவும் பரிசலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூடையின் அடியில் கொஞ்சம் கெண்டைகள்தான் கிடந்தன. வருஷா வருஷம் மீன் குறைகிறது, இனி இந்த ஏரியை நம்பிப் பிழைக்க முடியாது என்றார் முனிரத்தினம். சென்னம்மாவோ வயிறு உப்பிய மீன்களைப் பொறுக்கித் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். சினை மீனைக் கொல்வதில்லை என்று அவளுக்கு ஒரு வேண்டுதல். மூன்று முறை கரு கலைந்தபின் எடுத்தது. மீனின் வயிற்றைக் காத்தால் தன் வயிறும் நிலைக்கும் என்று நம்பியிருந்தாள்.

விட்ட மீன்கள் ஆழத்துக்குப் போகவில்லை. சாய்ந்தபடி மேலேயே தத்தளித்தன. கருவேல மரத்திலிருந்து ஒரு நீர்க்காகம் பறந்து வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிற்று. எனக்குச் சந்தேகம் தட்டியது. கூடையில் செத்துக் கிடந்த உப்பிய மீன் ஒன்றைக் கேட்டு வாங்கி அறுத்தேன். உள்ளே சினை இல்லை. வெள்ளை நாடா போன்ற புழு வயிறு முழுக்க மடிந்து கிடந்தது.

தேடி வந்தது கிடைத்த சந்தோஷத்தில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன். புழு உள்ள மீன் சினைபிடிக்காது. நீந்த முடியாமல் மேலே மிதக்கும். பறவை சுலபமாகத் தின்னும். பறவையின் எச்சத்தோடு புழுவின் முட்டை ஏரியில் விழும். பொடி நீர்ப்பூச்சிகள் வழியாக மறுபடி மீனுக்குள் போகும். பறவைக் குஞ்சுகளுக்கு இரை கிடைக்கிறதே, புழுவுக்கும் இந்த ஏரியில் ஒரு வேலை உண்டு என்றேன்.

சென்னம்மா மரத்தைப் பார்த்தாள். கூடுகளில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

"அப்போ நல்ல மீனெல்லாம் கொன்னுட்டு, மலட்டு மீனத்தான் காப்பாத்திட்டு வந்தனுங்களா சார்?"

முனிரத்தினம் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இனி உப்பிய மீன்களை ஏரியில் விடாமல் புதைத்துவிடச் சொன்னேன். பறவைகள் வந்துகொண்டிருக்கும்வரை புழு அடியோடு ஒழியாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் வந்தோம் என்றிருந்தது.

சாயங்காலம் முனிரத்தினம் குழி வெட்டினார். கடைசி வலையில் உப்பிய கெண்டை ஒன்று வந்தது. சென்னம்மா அதன் வயிற்றை விரலால் தடவினாள்.

"அறுக்காம எப்பிடிங்க சார் தெரியும், இது சினையா புழுவான்னு?"

தெரியாது என்றேன்.

அவள் குழிப்பக்கம் போகவில்லை. ஏரியில் இறங்கி மீனை விட்டாள். அது மேலேயே மிதந்தது. நீர்க்காகங்கள் தாழப் பறந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்று இரு கைகளாலும் அவற்றை விரட்டிக்கொண்டிருந்தாள். இருட்டப் போகிறதென்று நான் ரோட்டுக்கு நடந்தேன். என் குப்பியில் புழு பத்திரமாக இருந்தது.