இடக்கை முடிச்சு

பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளு நான். பட்டாளத்துல நர்சிங் அசிஸ்டெண்ட், அடிபட்டவனுக்குக் கட்டுப் போடற வேலை. வார்டுல எத்தனையோ பேர் செத்ததப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், ஒருத்தரும் எழுந்து வந்ததில்ல. நீங்க சிரிச்சாலும் பரவால்ல, நடந்தத அப்படியே சொல்லிடறேன்.

பனிமலையில ஒரு காவல் போஸ்டுக்குப் போகச் சொல்லி ஆர்டர் வந்துச்சு. அதுவரைக்கும் ஆஸ்பத்திரில டாக்டர் பின்னாடியே நின்னு பழகினவன். அங்க டாக்டர் கிடையாது, நான் ஒருத்தன்தான். என் கை நடுங்கினா எவனோ ஒருத்தன் உசுரு போயிடும். அந்த நெனப்புலயே சோறு இறங்கல.

லீவுல ஊருக்கு, பெஹாலா வீட்டுக்கு வந்தேன். என் தகரப்பெட்டி துருப்பிடிச்சிருச்சேன்னு அப்பா காளிகாட் பக்கம் யாரோ ஒரு சிப்பாயோட பழைய பெட்டிய வாங்கி வச்சிருந்தார். பழைய பெட்டின்னா மொதல்ல உப்புத்தாள் போட்டு முந்தின ஆளோட பேரச் சுரண்டிட்டுத்தான் நாங்க எங்க பேர எழுதுவோம். அப்பாவுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? ஆசை ஆசையா அது மேலயே கருப்புப் பெயிண்ட் அடிச்சு என் பேர எழுதிட்டார். நானும் போகட்டும்னு விட்டுட்டேன்.

கிளம்பறதுக்கு மொத நாள் சாயங்காலம். கால்பைசாகி, அதான் இங்க சித்திரையில அடிக்குமே அந்தப் புயல்மழை, கரண்ட் போச்சு. அப்பாவும் அம்மாவும் லேக் மார்க்கெட்ல எங்க கடையில இருந்தாங்க. வேணாம்டா சாமி, முதுகு வலின்னு சொல்லி நின்னுடலாம்னு முடிவு பண்ணி, பெட்டியில இருந்த அத்தனையையும் கட்டில்ல கொட்டிட்டு டீ போடப் போனேன்.

பால் கூடப் பொங்கல, டக்குனு பெட்டி மூடற சத்தம். வெளிக்கதவ நான்தான் உள்ள தாப்பா போட்டிருந்தேன். மொபைல் வெளிச்சத்துல பாக்கறேன், கட்டில் காலி. பெட்டியத் திறந்தா கம்பளி, சாக்ஸ் எல்லாம் பட்டாளத்து மடிப்புல இருக்கு. நான் அடியில போட்டு வச்சிருந்த பேண்டேஜ் சுருள் இப்ப எல்லாத்துக்கும் மேல, கைக்கு எட்டறாப்ல. பூட்ஸ் ரெண்டையும் லேஸால சேத்துக் கட்டியிருக்கு, அந்த முடிச்சு திரும்பியிருந்துச்சு, இடக்கைக்காரன் போட்டது. எங்க வீட்ல அத்தன பேருக்கும் சோத்துக்கைதான். தொட்டுப் பாத்தேன், லேஸ் ஐஸா சில்லுனு இருக்கு, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த அந்த வேக்காட்டுல!

கதவத் தட்டினாங்க பாருங்க, உசுரே போயிருச்சு. அப்பா, தொப்பலா நனைஞ்சு நிக்கறார். பெட்டியப் பாத்ததும், "அதுக்குள்ள கட்டி வச்சிட்டியாடா? பயந்துருவியோன்னு நெனச்சேன்டா, என் ராசா"ன்னு கண்ணு கலங்கினார். அப்புறம் எந்த வாயால போகலன்னு சொல்றது? கிளம்பிட்டேன்.

மேல போன கொஞ்ச நாள்லயே ஒரு பையன் பாறையில சறுக்கி விழுந்து, தொடை கிழிஞ்சு ரத்தம் கொட்டுது. நான் பெட்டியத் திறந்தது ஞாபகமிருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல, நம்பினா நம்புங்க. நெனவு வர்றப்ப கட்டுப் போட்டு முடிஞ்சு ரத்தம் நின்னிருக்கு. "உங்க கை துளி நடுங்கலியே அண்ணே"ங்கறாங்க கூட இருந்தவங்க. பையன் பொழச்சிட்டான். அந்தக் கட்டக் குனிஞ்சு பாத்தேன். முடிச்சு திரும்பியிருந்துச்சு.

இப்ப மறுபடி லீவு, அடுத்த வாரம் திரும்ப மேல போறேன். பெட்டியில என் பேருக்கு அடியில இருக்கற அந்தப் பழைய பேரச் சுரண்டிடலாம்னு உப்புத்தாள் வாங்கி வச்சிருக்கேன், தினம் எடுக்கறேன், திரும்ப வச்சிடறேன். பேரோட சேந்து அந்தாளும் போயிட்டா, அடுத்தவன் விழறப்ப அங்க நான் மட்டும்தானே இருப்பேன்?