வண்டின் இறக்கை ஓடு

வெள்ளவத்தையில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் மாடிக் கட்டடம் எழுப்பக் குழி தோண்டியபோது, ஆழத்திலிருந்து கன்னங்கரேலென்று சேறு வந்தது. கம்பஸில் பூச்சிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த அக்கா அதில் ஒரு வாளி அள்ளி வந்து குசினியை நாறடித்தாள். அம்மா பிட்டுமா சலிக்கும் அரிதட்டில் போட்டுக் கழுவுவாள். மிஞ்சியதைச் சட்டியில் மண்ணெண்ணெய் விட்டுப் பிசைந்து தண்ணீர் ஊற்றுவாள். ஆயிரக்கணக்கான வருடம் புதைந்து கிடந்த வண்டுகளின் இறக்கை ஓடுகள் பச்சையும் நீலமுமாய் மேலே மிதந்து வரும். எந்த வண்டென்று பிடிபட்டால், அது வாழ்ந்த காலத்தில் இந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாமாம். அம்மாவுக்கு அரிதட்டுப் போன கவலைதான்.

அந்தக் கிழமைதான், ஒழுகும் கூரையைத் திருத்தித் தரக் கேட்ட அப்பாவிடம், "நேற்று வந்த நீங்கள் எனக்குச் சட்டம் பேசுகிறீர்களா?" என்று வீட்டுச் சொந்தக்காரர் சிங்களத்தில் கத்திவிட்டுப் போனார். அப்பா போய் ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார். பத்து வயதான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முதல்ல ஆர் இங்க இருந்தது எண்டு உந்தச் சேத்தில தெரியுமோ?" என்று அக்காவைக் கேட்டேன்.

"ஓம். தண்ணி வண்டு."

"ஆக்கள்?"

"ஒருத்தரும் இல்லை. குளமும் புல்லும்தான்."

இதெல்லாம் ஒரு பதிலா? நான் விடுவேனா. சாமியறையில் உடைந்து கிடந்த மண்விளக்குத் துண்டொன்றை எடுத்து, முழங்கை வரை கைவிட்டு வாளிக்குள் புதைத்தேன். பின்னேரம் அது அரிதட்டில் அகப்பட்டது. அக்கா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் வச்சனான். வச்சா என்ன?" என்றேன். எனக்குப் பயமே இல்லை.

அவள் அடிக்கவில்லை. கை பட்ட சேறு இனி எதற்கும் சாட்சி சொல்லாது என்று வாளியை அப்படியே வாசல் கழிவுநீர்க் கானுக்குள் கவிழ்த்தாள். பக்கத்துக் குழிக்கு அதற்குள் கொங்கிரீட் போட்டாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கான் அடைத்துக்கொள்ள, வீட்டுக்காரர் வந்து அதே "நேற்று வந்த" கதையைத் தொடங்கினார். வீங்கிய முகத்தோடு அக்கா வாசலுக்குப் போனாள். விளக்குத் துண்டைக் காட்டுவாள் என்று நம்பினேன். அவளோ, இங்கே முதலில் இருந்தது வண்டு, நீங்களும் இல்லை நாங்களும் இல்லை, கானை நான் துப்புரவாக்குகிறேன், கூரையை நீங்கள் திருத்துங்கள் என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள். அப்பாவும் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"எங்கட ஆக்கள்தான் முதல் எண்டு சொல்லியிருக்கலாம்தானே," என்று பொருமினேன்.

"இருக்கிறதுக்கு முதல்ல வந்திருக்க வேணுமோடி?"

எங்களை அந்த மனுசனிடம் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று ஒரு கிழமை அவளோடு நான் கதைக்கவில்லை. அந்தக் கிழமைக்குள் ஆட்கள் வந்து கூரை ஓடு மாற்றிவிட்டுப் போனதை, நான் அதோடு சேர்த்துப் பார்க்கவேயில்லை.