காது மடித்த நோட்டு

ஏஜென்ட்டோடு ஓடிப்போய்விட்டாள் என்று எதிர்மாடிக்காரி சொல்கிறாளே, அவளுக்குக் கண் எங்கே போயிற்று? அந்த ஏஜென்ட் இன்று காலையில்கூடத் தன் கடைவாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போகிறவள் ஆளை இங்கேயே விட்டுவிட்டா ஓடுவாள்? ஊரார் நோட்டைச் சுருட்டிக்கொண்டு போனாள் என்பது இன்னொரு பேச்சு. அதுவும் பொய். அவள் கையோடு போனது ஒரே ஒரு நோட்டு. அதற்கும் கொண்டுவந்தவளுக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டாள்.

தெருவில் அவளுக்கு இஸ்திரி அக்கா என்று பேர். புதிதாகக் குடிவந்தவர்கள் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். "துணிக்கு இல்லைங்க, நோட்டுக்கு" என்பாள். வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. அதில் ஒரு மேஜை, விளக்கு, கெட்டில், சின்ன இஸ்திரிப் பெட்டி. வெளிநாட்டு நோட்டு, அதிலும் அந்த நாட்டுக் கடைகளிலேயே செல்லாது என்று ஒதுக்கிவிட்ட பழைய நோட்டு, அதுதான் அவள் சரக்கு. இங்கே எந்த வங்கியும் அதைத் தொடாது. அந்த நாட்டுப் பெரிய வங்கியில் கொண்டுபோய் நீட்டினால் மட்டும் புது நோட்டு கொடுப்பார்கள். அவள் குறைந்த விலைக்கு வாங்கி, ஆவி காட்டி, மடிப்பெடுத்து ஏஜென்ட்டிடம் கொடுப்பாள். அவர் மொத்தமாக அங்கே அனுப்புவார். மடங்கிக் கிடக்கிற நோட்டை அவர் வாங்கமாட்டார்.

நோட்டெல்லாம் பழைய கோட்டிலிருந்து வந்தவை. துறைமுகத்துக் கிடங்கில் வெளிநாட்டுப் பழைய துணி மூட்டை மூட்டையாக இறங்கும். அதைப் பிரிக்கிற பெண்கள் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். சாவி இருக்கும், பஸ் சீட்டு இருக்கும், எப்போதாவது நோட்டு இருக்கும். அவர்களில் ஒருத்தி, கோட்டுக்காரி, அக்காவிடம் வாடிக்கை.

"பாதிப் பேரு செத்துருப்பாங்க அக்கா," என்பாள். "வீட்டுல உள்ளவங்க அலமாரிய ஒழிக்கறப்ப அப்படியே தூக்கிப் போட்டுடறாங்க. பையக்கூடத் தடவிப் பாக்கறதில்ல."

"மீதிப் பாதி?"

"அவங்க, இது வேண்டாம்னு போட்டவங்க."

அதனால்தான் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாலும் அக்காவுக்குத் தனியாக இருப்பதுபோல் இருக்காது. ஆவி பட்டதும் ஒவ்வொரு நோட்டும் ஒரு வாசனை விடும். மூக்குப்பொடி, தைலம், மழையில் நனைந்த கம்பளி. யாரோ பின்னால் வந்து, தன் பணத்தை இவள் என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்ப்பதுபோல் பிடரி குறுகுறுக்கும். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். பழகிவிட்டது.

பழகாதது ஒன்று உண்டு. அவள் புருஷன் அந்த நோட்டு வருகிற நாட்டுக்குத்தான் வேலைக்குப் போனான். முதலில் போன் வந்தது, பிறகு குறைந்தது, பிறகு நின்றேபோனது. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. அவனுக்கு ஒரு பழக்கம். ஒருமுறை பஸ்ஸில் பிக்பாக்கெட்டுக்குப் பறிகொடுத்ததிலிருந்து, நோட்டை நாலாக மடித்து, ஒரு மூலையை மட்டும் காதுபோல் மடக்கிவிட்டுப் பையில் வைப்பான். வெளியே எடுக்காமலே விரலால் அந்தக் காதைத் தொட்டு, "இருக்கு" என்று முணுமுணுத்துக்கொள்வான். சாப்பிடுகிறபோதுகூட.

அன்று கோட்டுக்காரி கொண்டுவந்த நோட்டுகளை அக்கா சரியாகப் பார்க்காமலே பிரித்துத் தேய்த்துவிட்டாள். கை தானாக ஓடும் வேலை. அடுக்கி மேலே கல்லை வைத்தாள். காலையில் கல்லை எடுத்தால் மற்றதெல்லாம் தகடாகக் கிடந்தன. ஒன்று மட்டும் மூலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

மறுபடி ஆவி காட்டித் தேய்த்து அமுக்கி வைத்தாள். மத்தியானம் பார்த்தால் மூலை மறுபடி நிமிர்ந்திருந்தது. விளக்கில் பிடித்தாள். குறுக்கும் நெடுக்கும் வெள்ளைக் கோடு, மூலையில் சாய்வாக இன்னொன்று. அவன் மடிப்பு. பின்னால் நின்றவரைத் தள்ளி நிற்கச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

மாமியாருக்குக் கண் மங்கல். கொண்டுபோய்க் கையில் வைத்தாள். அந்த அம்மாள் தடவிக்கொண்டே வந்தவள் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"கோட்டு எங்கடி?"

"வித்துப்போச்சாம் அத்தை. லாரி ஏறிடுச்சாம்."

"செத்தவன் கோட்டா, வேண்டாம்னு போட்டவன் கோட்டா?"

"தெரியலையே."

"உனக்கு எதுவா இருக்கணும்?"

செத்திருந்தால் உட்கார்ந்து அழலாம். உயிரோடு இருந்தால் அவனிடம் எதைக் கேட்பது? எது வேண்டும் என்று அக்கா மனசுக்கே தெரியவில்லை. தெரிந்துகொண்டால் போதும் என்று மட்டும் இருந்தது.

ஏஜென்ட் வந்தார். அந்த நோட்டை மாற்றக் கெடு நெருங்கிவிட்டது.

"குடும்மா. அப்புறம் இது வெறும் காகிதம்."

"காகிதமாவே இருக்கட்டும்."

"நோட்ட மடிக்கறவன் ஆயிரம் பேரு இருப்பான். உன் புருஷன் என்ன, அதுக்குப் பட்டா போட்டு வெச்சிருக்கானா?"

"தொட்டுப் பாருங்க."

தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். "என்ன, இவ்வளவு சூடா இருக்கு? எப்பத் தேய்ச்ச?"

"நேத்து."

அதற்குமேல் அவர் அந்த நோட்டைக் கேட்கவில்லை. ஓடிப்போனாளாம் அவரோடு! அந்த மனுஷன் அதற்கப்புறம் அவள் அறைப் பக்கமே வரவில்லை.

அந்தக் கோட்டு வந்த மூட்டை மேல் நீல மையில் ஊர்ப் பேர் எழுதியிருந்தது கோட்டுக்காரிக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஊர் மூட்டை அபூர்வமாகத்தான் வருமாம். அங்கேயே போய்ப் பார்க்க அக்கா வளையலை விற்றாள், மேஜையை விற்றாள், விசாவுக்கு அலையாய் அலைந்தாள். மாமியாரைத் தவிக்க விட்டுப் போனாள் என்கிறார்களே, போகச் சொன்னதே மாமியார்தான். கோட்டுக்காரி மூட்டை முடிச்சோடு வந்து அந்த வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். இன்றைக்கும் அந்த அம்மாளுக்குத் தலைவாரி விடுகிறவள் அவள்தான்.

கிளம்புகிற அன்று, அங்கே குளிரும் என்று கிடங்கிலிருந்து ஒரு கோட்டு கொண்டுவந்து கொடுத்தாள். யாருடையதோ. தோளில் கொஞ்சம் பெரிது. மாமியார் நோட்டை எடுத்து மருமகள் கையில் வைத்தாள்.

"அவன் மடிக்கற மாதிரி மடி."

மடிக்க வேண்டியிருக்கவில்லை. கையில் வாங்கியதும் பழைய கோடுகளில் அது தானே மடிந்துகொண்டது. போட்டிருந்த கோட்டின் உள்பையில் வைத்தாள்.

எதிர்மாடிக்காரி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இஸ்திரி அக்கா வாசலில் நின்று, பைக்குள் விரல் விட்டு, அந்தக் காதைத் தொட்டாள். "இருக்கு" என்றாள் மாமியாருக்குக் கேட்கும்படி. பிறகு படி இறங்கிப் போனாள்.